47 வயசுல சிந்தசைசர் கத்துக்கிட்ட கதை

கொஞ்சம் நீளமான இழை இது. மருத்துவக் குறிப்பு எதிர்பார்த்து வந்தவங்க பொறுத்துக்கோங்க, கடைசியில ஒண்ணு இருக்கு.

நான் மயக்கவியல் மருத்துவர். ஆபரேஷன் தியேட்டர்ல உங்களைத் தூங்க வெச்சு, திரும்ப எழுப்புற வரைக்கும் தலைமாட்டிலேயே நிக்கிற ஆள். கொரோனா சமயத்துல விரல்ல மாட்டிப் பார்க்க ஒரு கிளிப் வாங்கினீங்களே, பல்ஸ் ஆக்சிமீட்டர், அது இல்லாம எங்களுக்கு வேலையே ஓடாது.

தியேட்டர்ல இருக்கிற மானிட்டர் ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒரு 'பீப்' கொடுக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்த பீப்போட சுருதி இறங்கும். அதனால திரையைப் பார்க்கணும்னு அவசியமே இல்லை. முதுகைக் காட்டிக்கிட்டு சிரிஞ்சில் மருந்து ஏத்திக்கிட்டு இருந்தாலும், சுருதி இறங்கினா தலை தானாத் திரும்பும். இருபது வருஷமா என் காது செய்யிற வேலை இதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி அந்தச் சுருதி இறங்கியது. செய்ய வேண்டிய எல்லாமே செய்தோம். திரும்ப ஏறவில்லை.

அதுக்கு மேல விவரம் எழுத மாட்டேன். அது அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானது.

மறுநாளும் வேலைக்குப் போனேன். தியேட்டர்ல ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை வீட்டில்தான். மைக்ரோவேவ் முடிஞ்சு சத்தம் போட்டா கை நடுங்கும். தெருவில் ஒரு வேன் ரிவர்ஸ் எடுத்தா நெஞ்சு படபடக்கும். பீப் பீப்னு எது கேட்டாலும் உடம்பு தியேட்டருக்கு ஓடிடும். வெளியில யாருக்கும் தெரியாது. நானும் சொல்லலை.

அந்தச் சமயத்தில்தான் என் பொண்ணு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனாள். அவள் மேஜையில் ஒரு சின்ன மெஷினை விட்டுட்டுப் போயிருந்தாள். கோர்க் வோல்கா கீஸ். 2013-ல் வந்த மாடல், அவள் செகண்ட் ஹாண்டில் வாங்கினது. ஒரு புத்தகம் அளவுதான் இருக்கும், அரை கிலோகூட இல்லை. ஆறு பென்சில் பேட்டரி போட்டா எங்கே வேணும்னாலும் எடுத்துட்டுப் போகலாம். சின்ன ஸ்பீக்கர்கூட உள்ளேயே இருக்கு. அதுல பாட்டு எதுவும் முன்கூட்டியே கிடையாது. குமிழ்களும் 27 தொடுகட்டைகளும் மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா ஆன் பண்ணினேன். ஒரு கட்டையைத் தொட்டதும் 'பீ...' என்றது. உடனே ஆஃப் பண்ணிட்டேன்.

ராத்திரி வீடியோ காலில் பொண்ணுகிட்ட சொன்னேன். அவள் சிரிக்கலை. "அம்மா, அந்தச் சத்தம் எப்படி உண்டாகுதுன்னு முதல்ல பாரு. அப்புறம் வாசிக்கலாம்" என்றாள். பதினெட்டு வயசுப் பிள்ளை சொன்ன அந்த ஒரு வரிதான் இந்த இழை முழுக்க.

எப்படி உண்டாகுதுன்னு உங்களுக்கும் சொல்றேன். இப்பவே செஞ்சு பாருங்க. ஒரே சுருதியில் 'ஆ' என்று இழுங்க. சுருதியை மாத்தாம அப்படியே 'ஈ', பிறகு 'ஊ' என்று கொண்டு போங்க. குரல்நாண் போடுற சத்தம் மாறவே இல்லை, வாயோட வடிவம்தான் மாறுது. சிந்தசைசரும் இதேதான். ஆசிலேட்டர்தான் குரல்நாண். ஃபில்டர்தான் தொண்டையும் வாயும். சத்தம் எவ்வளவு வேகமா எழும்பணும், எப்படி அடங்கணும்னு முடிவு பண்ற என்வலப்தான் மூச்சு.

தினமும் லாரிங்கோஸ்கோப் போட்டுக் குரல்நாணைப் பார்க்கிற எனக்கு இது விளங்க பத்து நிமிஷம்கூட ஆகலை. 'கட்ஆஃப்' குமிழை இடப்பக்கம் திருப்பினா சத்தம் போர்வைக்குள்ள போன மாதிரி மங்கும். 'அட்டாக்' குமிழைக் கூட்டினா, குத்துகிற 'பீப்' மெதுவா எழும்பி வயலின் வில் மாதிரி ஆகும். அதே சுருதிதான். ஆனா இப்ப பயமுறுத்தலை.

அடுத்தது சீக்வென்சர். ஒரு சுற்றுக்கு 16 படிகள். சின்ன விளக்கு ஒவ்வொரு படியா ஓடும். பதிவு பட்டனை அழுத்திட்டு வாசிச்சா, அடுத்த சுற்றிலிருந்து மெஷினே திரும்பத் திரும்ப வாசிக்கும். நான் முதல் மூணு நாள் பதிவு பட்டனை அழுத்தாமலே வாசிச்சுட்டு, மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். நாலாவது நாள் ஒழுங்கா ஒரு சுற்று உருவாக்கி, சேமிக்காம அணைச்சுட்டேன். போயே போச்சு.

நம்ம ஊர்க் கணக்குக்கு இது நல்லாவே ஒத்துவருது. 16 படி என்றால் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை, ஒவ்வொண்ணுக்கும் இரண்டு படி. படிகளைக் குறைக்கவும் செய்யலாம். ஏழு மட்டும் விட்டுட்டு மத்ததை நீக்கினா தகிட தகதிமி, மிஸ்ர சாபு ஓடும்.

சங்கீதம் தெரியாதேன்னு யோசிக்கிறீங்களா? எனக்கும் தெரியாது. ஒரு வழி சொல்றேன். கருப்புக் கட்டைகளை மட்டும் தொடுங்க. மொத்தம் ஐந்து ஸ்வரம்தான். மொபைலில் தம்பூரா செயலியை நாலரைக் கட்டையில் ஓடவிட்டு, அங்கிருந்து ஆரம்பிச்சா மோகன ராகத்தின் ஸ்வரங்கள். அதே ஐந்து கட்டைகள், ஆனா ஆதார ஷட்ஜத்தை ஒவ்வொரு கட்டையா மாத்தினா மத்தியமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி எல்லாம் வரும். கிரக பேதம்னு சொல்றது இதைத்தான். கமகம் மட்டும் வராது. 'போர்ட்டமென்டோ' குமிழ் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிக்கிட்டுப் போகும், அவ்வளவுதான்.

ராகத்தையும் சீக்வென்சரையும் சேர்க்கிறது புதுசும் இல்லை. பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-லேயே பத்து ராகங்களை எடுத்து ரோலண்ட் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 மூணையும் வெச்சு ஒரு முழு இசைத்தட்டே போட்டார். அப்ப யாரும் பெரிசா கண்டுக்கலை. 2010-ல் மறுபடி வெளிவந்த பிறகுதான் உலகமே தேடித் தேடிக் கேட்டது. அந்த டிபி-303-ம் விற்பனையாகாம 1984-லேயே நிறுத்தப்பட்ட மெஷின்தான்.

சரி, என் கதைக்கு வர்றேன்.

மூணாவது வாரம். மோகனத்தில் அவரோகணம் பதிவு பண்ணிக்கிட்டு இருந்தேன். மெதுவான வேகம், நிமிஷத்துக்கு எழுபது, சாதாரண நாடித்துடிப்பு மாதிரி. ஒரே அளவு இடைவெளியில் சின்னச் சின்ன ஸ்வரங்கள், ஒவ்வொண்ணா இறங்குது.

என் வலது கை தானா எழுந்து இல்லாத ஆம்பு பையைத் தேடியது.

அன்னிக்கு அணைக்கலை. ஓடவிட்டேன். பதினாறாவது படி வந்தது, விளக்கு முதல் படிக்குப் போனது, சுருதி மேலே ஏறியது. மறுபடி இறங்கியது. மறுபடி ஏறியது. நான் அழுதுக்கிட்டே கட்ஆஃப் குமிழைத் திருப்பிக்கிட்டு இருந்தேன். மங்கலா, தெளிவா, மங்கலா. எவ்வளவு நேரம்னு தெரியாது.

தப்பா எடுத்துக்காதீங்க. இசை நோயைக் குணமாக்கும்னு சொல்ல வரலை. அடுத்த வாரம் மனநல மருத்துவரான ஒரு தோழியைப் போய்ப் பார்த்தேன். ரொம்ப முன்னாடியே போயிருக்கணும். நோயாளிகளுக்குச் சொல்றதை நாமளே செய்யிறதில்லை. மெஷின் செய்தது ஒண்ணே ஒண்ணுதான்: என்னைத் துரத்திக்கிட்டிருந்த ஒரு சத்தத்தை என் கையில் கொடுத்து, இது எதனால் ஆனது பாருன்னு காட்டியது.

இப்பவும் தியேட்டர்ல சுருதி இறங்கினா தலை திரும்புது. திரும்பத்தான் வேணும். ஆனா வீட்டில் மைக்ரோவேவ் இப்ப வெறும் மைக்ரோவேவ். பால் சூடாயிடுச்சுன்னு சொல்லுது, அவ்வளவுதான்.

மெஷினில் எட்டு சுற்று சேமிக்கலாம். ஏழு நிரம்பிடுச்சு. எதுவும் பிரமாதம் இல்லை. லீவுக்கு வந்த பொண்ணு கேட்டுட்டு, "மூணாவது பரவாயில்லைம்மா" என்றாள். அந்த அவரோகணம்தான் மூணாவது. அவளுக்கு அது என்னன்னு இன்னும் சொல்லலை. இந்த இழையைப் படிச்சா தெரிஞ்சுக்குவாள்.

சொன்ன மருத்துவக் குறிப்பு: ஹெட்ஃபோனில் வாசிக்கிறவங்க சத்தத்தை 60 சதவீதத்துக்கு மேல ஏத்தாதீங்க. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பான அளவுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சத்தம் கூடக்கூட அந்த நேரம் மளமளன்னு குறையும். உள்காதில் அழிஞ்ச செல் திரும்ப முளைக்காது.

இன்னொண்ணு. உங்களுக்கும் ஏதாவது ஒரு சத்தம் அப்படித் துரத்திக்கிட்டு இருந்தா, யார்கிட்டயாவது சொல்லுங்க. நான் ரெண்டு மாசம் சொல்லாம இருந்தேன். அது வீண்.