இதுல நீ எங்கலே இருக்கே?

முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். எல்.கே.ஜி.யில் இருந்து நான் இங்கிலீஷ் மீடியம். இந்தக் கட்டுரையை எழுதும்போது எந்த 'ன', எந்த 'ண' என்று கேட்டே ரூம்மேட்டை ஆறு தடவை எழுப்பிவிட்டேன். பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. நான் சொல்லப்போறதும் ஒரு பிழையைப் பற்றித்தான். அந்தப் பிழை என்னுடையது.

போன மே மாத லீவில் எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைக்கவில்லை. வீட்டில் சும்மா இருந்தால் திட்டு விழும் என்று ஆழ்வார்குறிச்சிக்கு, ஆச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். அம்பாசமுத்திரத்தில் இருந்து தென்காசி போகிற வழியில் இருக்கிற ஊர். 2019-ல் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது ஊரும் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் ஆச்சி இன்றைக்கும் "திருநவேலி ஜில்லா" என்றுதான் சொல்லுவாள்.

அங்கே என் அத்தையும் இருக்கிறாள். 26 வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். நான் போன மறுநாளே, "நீதான் இங்கிலீஷ்ல பொளந்து கட்டுவியே. தெருப் பிள்ளைகளுக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம் சொல்லிக் குடேன்லே" என்றாள். இதுல என்ன கஷ்டம் என்று நினைத்தேன். நல்லா பேசத் தெரிஞ்சவனுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாதா?

திண்ணையில் ஏழு பிள்ளைகள். எல்லாரும் ஆறாவது, ஏழாவது. மூன்றாம் நாள், வீட்டில் உள்ளவர்களைப் பற்றி ஒவ்வொருத்தராகச் சொல்லச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "மை ஃபாதர் டிரைவர்" என்றான்.

"மை ஃபாதர் இஸ் எ டிரைவர்" என்று திருத்தினேன். அவன் மறுபடியும் "மை ஃபாதர் டிரைவர்" என்றான். மறுபடியும் திருத்தினேன். ஐந்தாறு தடவை இப்படியே போனது. கடைசியில் அவன் பயந்துபோய், "மை இஸ் ஃபாதர் இஸ் டிரைவர் இஸ்" என்றான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அத்தை விசாரித்தாள். "அவனுக்கு பேசிக்ஸே இல்ல அத்தை" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பீரோவைத் திறந்து பழைய டைரிகளை ஒரு கட்டாக எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

டீச்சர்கள் பாடக்குறிப்பு எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போடுவார், விசிட் வரும் அதிகாரி புரட்டிப் பார்ப்பார். இந்த டைரிகள் அது இல்லை. இதை யாரும் கேட்பதில்லை, யாரும் கையெழுத்துப் போடுவதும் இல்லை. ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "7-பி. பாஸ்ட் டென்ஸ். புரிஞ்சுதான்னு கேட்டேன். புரிஞ்சுது மிஸ்னு எல்லாரும் சொன்னாங்க. நம்பிட்டேன். டெஸ்டில் 9 பேர்தான் சரி. இனிமேல் புரிஞ்சுதான்னு கேட்கக் கூடாது. ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லணும்." இன்னொரு பக்கத்தில் ஒரே ஒரு வரி: "இன்னைக்குத் தலைவலி. கோபத்தைப் பிள்ளைகளிடம் காட்டிட்டேன்."

26 வருஷ அனுபவம் உள்ள ஒருத்தி, தான் எங்கே சறுக்கினோம் என்று இப்படி எழுதி வைத்திருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை.

அப்புறம் அத்தை கேட்டாள்: "எங்க அப்பா டிரைவர். இதுல வினைச்சொல் எங்கலே இருக்கு?"

யோசித்தேன். இல்லை! தமிழில் 'அப்பா', 'டிரைவர்' என்று இரண்டு பெயர்ச்சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே முழு வாக்கியம். நடுவில் 'இஸ்' மாதிரி எதுவும் தேவை இல்லை. அந்தப் பையன் தமிழ் இலக்கணத்தைச் சரியாகத்தான் பின்பற்றியிருக்கிறான். எனக்கு 'இஸ்' தானாக வந்துவிட்டதால், அது அவனுக்கு ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியவே இல்லை. 21 வருஷமாக இந்த மொழியை வீட்டில் பேசுகிறேன். இதைக் கவனித்ததே கிடையாது.

"தினமும் கிளாஸ் முடிஞ்சதும் பத்து நிமிஷம் எழுது" என்று ஒரு நோட்டைக் கொடுத்தாள். என்ன நடந்தது, ஏன் நடந்தது, நாளைக்கு எதை மாற்றப்போகிறேன். மூன்றே கேள்விகள். மூன்று நாள் எழுதி அவளிடம் காட்டினேன். கவனம் இல்லை, ஹோம்வொர்க் செய்யவில்லை, ஸ்பெல்லிங் வரவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாம் பிள்ளைகளைப் பத்தித்தான் எழுதிருக்கே. இதுல நீ எங்கலே இருக்கே?"

கோபம் வந்தது. ஆனால் மறுநாள் வகுப்பை ஃபோனில் ரெக்கார்ட் செய்தேன். நாற்பது நிமிஷ வகுப்பில் 31 நிமிஷம் என் குரல்தான். மீதி ஒன்பது நிமிஷத்தை ஆறு பிள்ளைகளும் அமைதியும் பங்குபோட்டுக்கொண்டார்கள். நீச்சல் சொல்லித் தருகிறேன் என்று கூட்டிப் போய், பிள்ளைகளைக் கரையில் உட்காரவைத்துவிட்டு நானே நீந்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அத்தை செய்வதற்கு ஒரு பெயரும், அதற்குப் பின்னால் நிறையப் படிப்பும் உண்டு என்று அப்புறம் தேடித்தான் தெரிந்துகொண்டேன். 1983-ல் டொனால்ட் ஷான் என்ற அமெரிக்க அறிஞர் 'தி ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஷனர்' என்ற புத்தகம் எழுதினார். அவர் எழுதியது டீச்சர்களைப் பற்றி மட்டும் இல்லை. கட்டடக் கலைஞர்கள், இன்ஜினியர்கள் எல்லாரும் அதில் வருகிறார்கள். வேலை நடக்கும்போதே யோசித்து மாற்றுவது ஒன்று, முடிந்த பிறகு உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. தொழில் தெரிந்தவர்கள் இரண்டையும் செய்கிறார்கள் என்றார்.

ஆசிரியர் பயிற்சி நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் அன்றைய மதராஸ் மாநிலத்தில், ஆரம்ப நிலையில் இங்கிலீஷ் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. கொஞ்சம் பேருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் கொஞ்சம் பேருக்குப் பயிற்சி என்று உருண்டு உருண்டு பெரிதாகும் திட்டம். அதனால் அதை 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றார்கள். அவ்வளவு பேரைச் சென்றடைய இப்படி ஏதாவது தேவைதான். ஆனால் பயிற்சி முடிந்து, டீச்சர் திரும்பி வந்து, தன் வகுப்பில் நின்ற பிறகு என்ன நடக்கிறது? அதைப் பார்க்க அங்கே அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்குக்கூட ஓபன் லூப், குளோஸ்டு லூப் வித்தியாசம் தெரியும். ஃபீட்பேக் திரும்பி வராத சிஸ்டத்துக்குத் தன் பிழை தெரியாது. அத்தையின் டைரிதான் அந்த ஃபீட்பேக் ஒயர்.

என்.எஸ்.பிரபு என்று ஒரு இந்திய மொழிக்கல்வி அறிஞர். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் பள்ளிகளில் ஒரு புதுமுறையை முயன்று பார்த்தவர். இலக்கணத்தை நேராக நடத்தாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் மாதிரி விஷயங்களைக் கொடுத்து, பிள்ளைகள் யோசித்து விடை கண்டுபிடிக்க வைப்பார்கள். கவனம் விடையில் இருக்கும், மொழி கூடவே வளரும். அவரே பிறகு 1990-ல், எல்லாருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்று எழுதினார். எந்த முறையாக இருந்தாலும், யோசிக்காமல் பழக்கத்தில் செய்ய ஆரம்பித்தால் அது செத்துவிடும் என்பது அவர் வாதம்.

இதைப் படித்த அன்று சாயங்காலம் முதல் வேலையாக அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். "உள்ளதான் இருக்கான் தம்பி, வரமாட்டேங்கான்" என்றார் அவன் அம்மா. கதவுக்குப் பின்னால் நின்றவனிடம், "நான் சிரிச்சது தப்புடே" என்றேன். பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தான். திண்ணையின் கடைசி ஓரத்தில் உட்கார்ந்தான்.

அன்றைக்கு செங்கோட்டை–திருநெல்வேலி பாசஞ்சர் ரயில் நேரங்களை அட்டையில் எழுதி வைத்திருந்தேன். கீழக்கடையம், இரவணசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கீழ ஆம்பூர், அம்பாசமுத்திரம் என்று எல்லாம் அவர்களுக்குத் தெரிந்த பெயர்கள். கேள்வி இதுதான்: ஆச்சி பத்து மணிக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருக்கணும். எந்த ரயில்? ஒருத்தி ஒரு ரயிலைச் சொன்னாள். கடைசி ஓரத்தில் இருந்து குரல் வந்தது: "நோ அண்ணா. திஸ் டிரெயின் லேட்."

'இஸ்' இல்லை. திருத்தணும் என்று நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, "யெஸ், திஸ் டிரெயின் இஸ் லேட். தென் விச் டிரெயின்?" என்று மட்டும் கேட்டேன். அவன் அட்டைக்குப் பக்கத்தில் வந்து விரல் வைத்துக் காட்டினான். ஆஸ்பத்திரிக்கு ஜங்ஷனில் இருந்து பஸ் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று இன்னொருத்தன் சண்டைக்கு வந்தான். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். அன்றைக்கு நான் பேசியது 12 நிமிஷம்.

அவன் இங்கிலீஷில் பேசிக் கலக்கினான் என்று முடித்தால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. லீவு முடிவதற்குள் இரண்டு மூன்று தடவை 'இஸ்' வந்தது, மறுபடி காணாமல் போனது. ஆனால் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போ பிளேஸ்மென்ட் சீசன். நம்மில் பலர் ஜூனியர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கிறோம். "ஜூனியருங்க வாயே திறக்க மாட்டேங்குறாங்க மச்சி" என்று கேன்டீனில் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அடுத்த கிளாஸ் முடிந்ததும் கேன்டீனுக்குப் போவதற்கு முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்து அதை எழுதுங்க. யாரிடமும் காட்ட வேண்டாம். எழுதி முடித்ததும் ஒரு தடவை படித்துப் பாருங்க. அதில் நீங்க எங்கேயாவது இருக்கீங்களா என்று மட்டும் தேடுங்க.