கிதாருக்கு ஓர் உறை

தாம்பரத்தில் எலெக்ட்ரிக் என்றால் ரயில்தான். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து அந்தச் சொல்லுக்கு இங்கே அதுவே அர்த்தம். 2004இல் மீட்டர் கேஜ் வண்டிகள் நின்றுபோனபோதும் அர்த்தம் மாறவில்லை. என் அக்கா பையன் எலெக்ட்ரிக் கிதார் வாங்கிய பிறகு வீட்டில் அந்தச் சொல் இரண்டாகிவிட்டது. முடிச்சூரிலிருந்து தாம்பரம் வந்து, வாரம் மூன்று நாள் கோடம்பாக்கத்துக்கு அவன் ரயிலில் கிதாரோடு போய்வர வேண்டும். "பொட்டியா, பையா? நீங்களே சொல்லுங்க மாமா" என்றான்.

உருவம், உள்ளடக்கம் என்று சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். உறை என்கிற மூன்றாவது விஷயம் வந்ததாக ஞாபகமில்லை.

வாத்தியத்தைப் பாதுகாப்பது என்றதும் நமக்கு வீணைதான் மனசில் வருகிறது. பலாமரக் குடம், அதன் வயிற்றிலிருக்கும் வெற்றிடம், அதில் விளையும் நாதம். குடம் விரிசல் கண்டால் நாதம் கெட்டது. எலெக்ட்ரிக் கிதாருக்கு வயிறு இல்லை. அது கெட்டி மரப்பலகை. தந்தியின் அசைவைக் காந்தச் சுருள் மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. பலகையில் கீறல் விழுந்தால் ஸ்வரத்துக்கு ஒன்றும் ஆகாது. எந்த உறையும் போதும் என்று தோன்றுவது அதனால்தான். ஆனால் அதன் உயிர்நிலை கழுத்தில் இருக்கிறது.

1952இல் வந்த கிப்ஸன் லெஸ் பால் மாதிரியில் தலை சுமார் 17 பாகை பின்னுக்குச் சாய்ந்திருக்கும். கழுத்தையும் தலையையும் ஒரே மரத்தில் செதுக்குவதால், சாய்வு தொடங்கும் இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே வெட்டுப்படுகிறது. கழுத்தினுள் ஓடும் எஃகுக் கம்பியைத் திருகுவதற்கான குழியும் அங்கேதான். மல்லாந்து விழுந்தால், பிரடைகளின் கனத்தோடு தலை பின்னுக்குத் துள்ளி, அந்த இடத்தில் ஒடிகிறது. 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் தலை சாயவில்லை. கழுத்தும் திருகாணிகளால் பூட்டப்பட்டது, ஒடிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பையனுடையது முதல் வகை.

பெட்டி விழும்போது உள்ளேயிருக்கும் கிதாரும் சேர்ந்துதான் விழுகிறது. உள்ளே ஆட இடமிருந்தால் ஒட்டுப்பலகையின் கெட்டித்தனம் உதவாது. கழுத்தை ஏந்திக்கொண்டு தலையை எதிலும் படாமல் நிறுத்த வேண்டும். பொருத்தம் முதலில், கெட்டித்தனம் பிறகு.

அக்கா பெட்டிதான் என்றாள். அதற்குக் காரணம் இருந்தது. 2015 டிசம்பரில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து அடையாறு பெருகியபோது, முடிச்சூர் வீட்டின் கீழ்த்தளம் முழுகியது. அம்மாவின் வீணை போயிற்று. அதிலிருந்து எதையும் பூட்டிவைக்க வேண்டும் என்பது அவளுக்கு ஒரு பிடிவாதமாகவே ஆகிவிட்டது.

ஆனால் அந்த வீணை பெட்டியில்தான் இருந்தது. கனத்த பலகைப் பெட்டி, பித்தளைக் கொண்டி, கட்டிலுக்கடியில். தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் பல வருஷங்களாக அதை யாரும் வெளியே எடுக்கவில்லை. எடுக்காததால் யாரும் வாசிக்கவுமில்லை. அந்த ராத்திரி மாடிக்குப் போனவை எல்லாம் ஓர் ஆள் ஒரு கையில் தூக்கக்கூடியவை. மூன்றாம் நாள் வீட்டிலிருந்து தண்ணீர் வடிந்தது. பெட்டியிலிருந்து வடியவில்லை.

இதை அவளிடம் சொல்வது சுலபமாக இல்லை. துக்கத்துக்குத் தன் தர்க்கம் உண்டு; அதோடு வாதாடி ஜெயிப்பதில் சந்தோஷமில்லை. கணக்கை மட்டும் சொன்னேன். கிதார் 4 கிலோ, பெட்டி 4 அல்லது 5 கிலோ. சாயங்கால நெரிசலில் மாம்பலத்தில் ஏறுகிற கூட்டத்துக்கு நடுவே ஒரு கையில் 9 கிலோவோடு நிற்பவன், நாலு வாரத்தில் கிதாரை வீட்டில் வைத்துவிட்டுப் போவான். பிறகு போவதையே நிறுத்துவான்.

கடைசியில் தடித்த நுரை வைத்த பை ஒன்றை எடுத்தோம். கழுத்துக்கு உள்ளே ஒரு தாங்கி, அடியில் வார் மாட்டும் குமிழ் இடிக்காமலிருக்க ரப்பர் கட்டை, முதுகில் மாட்ட இரண்டு பட்டைகள். கடற்காற்றில் தந்தி துருப்பிடிக்காமலிருக்க ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டோம். லாரிக்கடியில் விழுந்தால் இந்தப் பை காப்பாற்றாது. பெட்டி ஒருவேளை காப்பாற்றும். அதையும் அக்காவிடம் சொன்னேன்.

அவள் கிதாரோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மேலே சிறிது நேரம் நின்றாள். இறங்கி வந்து, "சரி, இதுவே இருக்கட்டும்" என்றாள்.