அப்பாவுக்கு ஒரு யாகம்!

எங்கள் சோமனூரில் ஒருத்தருக்குக் கண் மங்கினால், டாக்டருக்கு முன்னால் துணி சொல்லிவிடும்! பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே பார்த்து முடிச்சுப் போட வேண்டும். பார்க்காவிட்டால் தறி பாட்டுக்கு ஓடும்; துணியில் நெடுக ஒரு கோடு விழும். நூல் கொடுத்தவர் சும்மா இருப்பாரா? கூலியில் பிடித்துக்கொள்வார்.

போன ஆடியில் அப்பாவின் நாலு தறித் துணியிலும் கோடு.

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம். அன்று கட்டைப் பிரித்ததுமே, "ஏன்டா, உனக்கு இத்தனை நரையா?" என்று என் மானத்தை வாங்கியவர். அதே கண்ணில் மறுபடி புகைமூட்டம். எதிரே வருகிற மொபெட் விளக்கு பூசணிக்காய் சைஸுக்குத் தெரிகிறதாம். இதையும் அவர் சொல்லவில்லை, அம்மா சொன்னதுதான். மனுஷன் ஆறு மாசமாக மூடி மறைத்திருக்கிறார்!

காரணம், டீக்கடைத் தீர்ப்பு. "லென்ஸு டூப்ளிகேட்டுங்க. புரை மறுபடி வளந்திருச்சு. இன்னொருக்கா கத்தி வெச்சா உள்ளதும் போயிருமுங்க." உள்ளதும் போனால் தறியை விற்க வேண்டியதுதான் என்று அப்பா கணக்குப் போட்டுவிட்டார். பி.காம். படித்த எனக்கு அந்தக் கணக்கு டாலி ஆகவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏற்றினேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எடுத்த புரை திரும்ப வளராது. நம் கண்ணின் லென்ஸ் மெல்லிய பை ஒன்றுக்குள் இருக்கிறது. பையின் முன்பக்கத்தைத் திறந்து, மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, செயற்கை லென்ஸை அதே பைக்குள் வைக்கிறார்கள். பையில் மிச்சமிருக்கும் செல்கள் சிலருக்கு மாசக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ வளர்ந்து, பின்பக்கச் சவ்வில் படர்ந்துவிடும். லென்ஸ் பளிச்சென்றுதான் இருக்கிறது. அதன் முதுகில் இருக்கிற திரைதான் அழுக்கு!

லென்ஸைத் திட்டுவது பாவம் சார். உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணைக் கெடுக்காமல் கிடந்ததைக் கவனித்து, 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதல் லென்ஸை வைத்தார். வெளிநாட்டு விலையில் எட்டாக்கனியாக இருந்ததை, 1992-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது. தறிக்காரருக்கும் கட்டுப்படியானது அதற்கப்புறம்தான்.

"யாக் லேசர் பண்ணிடலாம்" என்றார் டாக்டர்.

"யாகங்களா? ஐயருக்கு எவ்வளவுங்க?"

கத்தி இல்லை, தையல் இல்லை. சொட்டு மருந்தில் கண் பாப்பா விரிந்ததும், மெஷினில் தாடையை வைத்து உட்கார்ந்தார். 'டிக்... டிக்...' சவ்வின் நடுவில் ஓர் ஓட்டை. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கண் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க ஒரு மணி நேரம் உட்கார வைத்ததுதான் பெரிய வேலை. "திடீர்னு கண்ணுல மின்னல் வெட்டினாலோ, கறுப்புப் புள்ளிகள் நிறையப் பறந்தாலோ, ஓரத்துல திரை விழுந்தாலோ அன்னிக்கே வந்துடணும். விழித்திரை பிரிஞ்சிருக்கலாம்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் குடோன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ரெண்டாந் தறியில இழை போச்சு!" என்று கத்தினார் அப்பா.

அதோடு எங்கள் தெருவுக்கு அவர்தான் கண் டாக்டர்! ஃபீஸ், ஒரு டம்ளர் காபி. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குப் புரை ஆபரேஷன் ஆன நாலாம் நாள் கண் சிவந்து, வலி, மங்கல். "ஆபரேசன்னா வலிக்கத்தானே செய்யும், விடியட்டும்" என்று படுத்திருந்தவரை, அப்பா ராத்திரியே கார் பிடித்து அனுப்பினார்.

கண்ணுக்குள் கிருமி. இது அபூர்வம்தான். அரவிந்தில் 6 லட்சத்துக்கு மேற்பட்ட கண்களை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட கணக்கில், ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்தாதபோது 10,000-க்கு 7, செலுத்தியபோது 2. ஆனால் வந்துவிட்டால் மணிக்கணக்குதான். பெரியம்மாவுக்குக் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். பார்வை முழுசாகத் திரும்பவில்லை. பேரன் முகம் தெரிகிறது.

"காலையில வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், பெரியம்மா கவனிப்பதைப் பார்த்துப் பேச்சை மாற்றிவிட்டாராம்.