குடலும் குறளும்

தமிழ் பயில்வோன் குடலைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டு நண்பர் சிலர் நகைத்தல் கூடும். ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் யான் செய்த பிழையொன்று இதனை எழுதத் தூண்டிற்று.

என் தமையனார் நான்கு திங்களாக வயிற்று நோயால் வருந்தியிருந்தார். வயிற்றுவலியும் குருதி கலந்த கழிச்சலும் ஓயவில்லை. உடல் நாளும் மெலிந்தது. ஒருநாள் அவர் உண்ண மாட்டாமல் இலையின்முன் வாளா அமர்ந்திருந்தார். யானோ திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, முன்னுண்டது செரித்தமை அறிந்து உண்பார்க்கு மருந்தே வேண்டுவதில்லை என்னும் கருத்தை விரித்துரைத்து, "கடைத்தெருப் பலகாரத்தின் பயன் இதுவே, அண்ணா" என்றேன். அவர் மறுமொழி கூறாது இலையை மூடிவிட்டு எழுந்து சென்றார்.

சின்னாளில் மருத்துவர் கருவியால் பெருங்குடலின் உட்புறத்தை நோக்கி, அஃது 'அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்' என்னும் புண்ணழற்சி என்றார். லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் 1859-இல் இப்பெயரால் குறித்த நோய் அது. கல்லூரிக்கு மீண்டதும், விலங்கியல் பயிலும் தோழரொருவர் துணையால் இதனைப் பற்றிக் கற்கலானேன்.

நாம் உண்ணும் பருப்பிலும் மீனிலுமுள்ள புரதத்தைத் துணித்துச் செரிப்பிப்பவை நொதிகள். அவற்றுள் இரைப்பையில் தொழில் புரியும் பெப்சினை 1836-இல் ஜெர்மானியராகிய தியோடர் ஷ்வான் கண்டறிந்தார். கணையம் ஆக்கும் டிரிப்சினின் இயல்பு இன்னும் வியப்புக்குரியது. நம் உடலிலும் புரதம் உண்டன்றோ? புரதத்தை அறுக்கும் வாள் தன்னை ஈன்ற கணையத்தையே அறுத்துவிடாதோ? ஆகவே கணையம் அதனைத் தொழிற்படாத டிரிப்சினோஜனாக, உறையிலிட்ட வாள்போல் அனுப்புகின்றது. சிறுகுடலை அடைந்த பின்னரே ஆங்குள்ள மற்றொரு நொதி அவ்வுறையைக் கழற்றுகின்றது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள், எஞ்சிய டிரிப்சினைச் சிதைக்க உதவுகின்றன. அவற்றுள் பராப்ரிவோடெல்லா என்னும் இனத்தின் தொண்டினை 2022-இல் வெளியான ஆய்வொன்று விளக்கிற்று.

நோயுற்ற குடலிலோ இவ்வொழுங்கு குலைகின்றது. கிருமியைத் தடுக்கும் வெள்ளணுக்கள் குடற்சுவரிற் குழுமி எலாஸ்டேஸ் முதலிய நொதிகளைச் சொரிகின்றன. அவை சுவரின் இழைகளையும், உயிரணுக்களைப் பிணிக்கும் கட்டுகளையும் அறுக்கின்றன. பிளவின் வழியே நுண்ணுயிர்கள் உட்புக, அவற்றை எதிர்க்க மேலும் வெள்ளணுக்கள் வருகின்றன. நொதியும் மேலும் பெருகுகின்றது. காவலரே மதிலை இடிக்கும் கொடுமை இது! எலாஸ்டேஸை அடக்கும் எலாஃபின் என்னும் புரதத்தைக் குடலே ஆக்குகின்றது; நோய் முற்றிய இடத்தில் அது போதாமற் போகின்றது. எலாஃபினைச் சுரக்குமாறு மாற்றியமைத்த நுண்ணுயிரை எலிகட்கு ஊட்டி அழற்சியைத் தணித்த செய்தி 2012-இல் வெளியாயிற்று. எலியிற் கண்டதனை மனிதர்க்குரிய மருந்தென உடனே கொள்ளலாகாது. எனினும் அது நல்லதொரு வழிகாட்டி.

நொதி மட்டுமே காரணமன்று. மரபும், உடலின் எதிர்ப்பாற்றலும், குடல்வாழ் நுண்ணுயிரும் கூடியே இந்நோய் விளைகின்றது. உணவு துன்பத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடும். ஆயினும் இந்நோய் நாவடக்கமின்மைக்குக் கிடைத்த தண்டனையன்று. உண்மையில் நாவை அடக்காதவன் யானே.

இதனை உணர்ந்த இரவில் அதே அதிகாரத்தை மீண்டும் விரித்தேன். யான் எடுத்தாண்டது அதன் இரண்டாம் குறள். எட்டாம் குறளோ, நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் முதற்கண் ஆராயுமாறு பணிக்கின்றது. ஆறு குறள் கடக்கும் பொறுமை எனக்கு இல்லாது போயிற்று! நோயுற்ற யோபுவின்மேல் குற்றஞ்சாட்டிய நண்பர் வரிசையில் யானும் அமர்ந்துவிட்டேன்.

அடுத்த விடுமுறையில் வீட்டையடைந்ததும் அண்ணனிடம் நிகழ்ந்ததைக் கூறி மன்னிப்பு வேண்டினேன். அவர் நகைத்து, "தம்பி, அந்த எட்டாம் குறளைச் சொல், கேட்போம்" என்றார். அழற்சியைத் தணிக்கும் மருந்து பயன் தரத் தொடங்கியிருந்தது. அன்று அவர் மோர்ச்சோற்றை மிச்சமின்றி உண்டார். யான் அருகிலிருந்து பரிமாறினேன்.