இரண்டு தெனாரியமும் ஒரு வாக்குறுதியும்

நல்ல சமாரியர் உவமையை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் இராது. எரிகோ செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் குருவும் லேவியரும் கண்டு விலகிப் போனதையும், அயல் இனத்தார் ஒருவர் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டியதையும் மறைக்கல்வி வகுப்பின் சிறு பிள்ளையும் பிழையின்றி ஒப்புவிக்கும். ஆயினும் உவமையின் கடைசிப் பகுதியைப் பலரும் விரைந்து கடந்துவிடுவர். சமாரியர் மறுநாள் சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். தெனாரியம் என்பது அக்காலத்தில் ஓர் உழைப்பாளியின் ஒரு நாள் கூலி. அத்தோடு அவர் நிற்கவில்லை. மேற்கொண்டு ஆகும் செலவைத் தாம் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்துச் செல்கிறார். கொடுத்த காசு இரண்டு நாள் கூலியே. கொடுத்த வாக்கோ காயம் முற்றும் ஆறுமட்டும் செல்லும். பிறரன்பின் இலக்கணம் இந்த வாக்கில்தான் முழுமை பெறுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இவ்வுவமை தூரத்துச் செய்தியன்று. நம் வயல்களுக்கும் திராட்சைக் கொடிகளுக்கும் மேலே, மேகமலை, வருசநாடு, போடி மலைகளின் சரிவிலும் அடிவாரத்திலும் பளியர் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக் காலம் நெருங்கினால் பல ஊர்களிலிருந்தும் ஜீப்புகள் அடிவாரம் நோக்கிப் புறப்படும். போர்வை, சேலை, அரிசி, ரொட்டி ஆகியவை வழங்கப்படும். ஒரு புகைப்படம் எடுக்கப்படும். மாலைக்குள் ஜீப்புகள் திரும்பிவிடும். மார்கழிக் குளிரில் போர்வை பெரிய உதவியே. கொடுத்தவர்களின் நன்மனத்தை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும் அடுத்த மார்கழி வரையுள்ள பதினோரு மாதங்களில் அக்குடும்பங்களின் வாழ்வு எவ்வாறு நடைபெறுகிறது என்பதே நம் சிந்தனைக்குரிய வினா.

முதலில் இம்மக்கள் யாவர் என்பதை அறிவோம். நம் குருமடப் பருவத்தில் பழங்குடியினர் என்றால் ஏதோ தொலைதூர மறைப்பணித் தளத்தின் மக்கள் என்ற எண்ணமே மாணவர் நடுவே நிலவியது. ஆனால் பழனி மலைப் பளியர்களைக் குறித்து சேசு சபைக் குருவான டாமன் அடிகளார் 1908-ஆம் ஆண்டிலேயே ‘ஆந்த்ரோப்போஸ்’ என்னும் மானிடவியல் இதழில் விரிவான கட்டுரை வரைந்திருக்கிறார். பின்னர் 1960-களில் அமெரிக்க மானிடவியலார் பீட்டர் கார்ட்னர் பளியரிடையே தங்கி ஆராய்ந்தார். காட்டு வள்ளிக்கிழங்கு அகழ்ந்தும், செங்குத்தான பாறைகளில் கொடி கட்டி இறங்கித் தேன் எடுத்தும் வாழ்ந்த இம்மக்கள், ஒருவரை ஒருவர் விஞ்ச முயல்வதை இழிவாகக் கருதுபவர்கள் என்றும், பூசல் எழுந்தால் கைகலக்காமல் விலகிச் சென்றுவிடுபவர்கள் என்றும் அவர் எழுதினார். வேட்டையில் கிடைத்ததை யாவர்க்கும் சமமாகப் பங்கிடுவது அவர்தம் மரபு. தொடக்கத் திருச்சபை யாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்ததைத் திருத்தூதர் பணிகள் நூலில் வாசித்து வியக்கிறோம். அப்பண்பின் ஒரு சாயலை நம் மலையடிவாரத்திலேயே காணலாம்.

கூடலூரை அடுத்த பளியன்குடியை நம்மில் பலர் அறிவர். சித்திரை முழுநிலவன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மலையேறுவோர் அங்கிருந்துதான் நடக்கத் தொடங்குவர். கண்ணகி விண்ணகம் சென்றதைக் கண்டு சேரன் செங்குட்டுவனுக்கு உரைத்தவர்கள் மலைவாழ் மக்களே என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. மலைமக்களின் வாய்ச்சொல்லை ஒரு பேரரசன் சான்றாக ஏற்றுக்கொண்டான். இன்றோ, ‘நான் பளியர் குலத்தவன்’ என்று சொல்லும் தந்தையின் வாய்ச்சொல் போதாது. அதற்கு முத்திரையிட்ட தாள் வேண்டும்.

இது வெறும் சொல்லலங்காரம் அன்று. சில ஆண்டுகளுக்கு முன்பு அடிவாரக் குடியிருப்பு ஒன்றுக்கு நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினருடன் சென்றிருந்தோம். அரிசிப் பையைப் பெற்றுக்கொண்ட ஒரு தாய் நம்மை ஓரமாக அழைத்துச் சொன்னார்: “சாமி, அரிசி பத்து நாள்ல தீந்துரும். எம்மகளுக்கு ஒரு காயிதம் வாங்கித் தந்தீகன்னா, அது தீராது.” அவர் மகள் பத்தாம் வகுப்பில் தேறியிருந்தாள். அவர் கேட்ட தாள் சாதிச் சான்றிதழ்.

தமிழ்நாட்டில் பழங்குடியினர்க்கு இச்சான்றிதழ் வழங்கும் அதிகாரம் 1989 நவம்பர் முதல் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியருக்கு மாற்றப்பட்டது. தகுதியற்றோர் போலிச் சான்று பெறுவதைத் தடுப்பது முறையான நோக்கமே. ஆனால் உண்மையான பழங்குடியினர்க்கு அது நெடிய படியாகிவிட்டது. பெற்றோரின் சான்றிதழைக் கொண்டுவா என்பார்கள். பெற்றோர் பள்ளி வாசலை மிதித்தவர்களல்லர். நிலப்பத்திரம் கேட்பார்கள், காட்டையே வீடாகக் கொண்டவர்க்குப் பத்திரம் ஏது? இச்சிறுமிக்கோ இன்னொரு தடையும் இருந்தது. பள்ளிப் பதிவேட்டில் அவள் குலத்தின் பெயர் ஓர் எழுத்து மாறி எழுதப்பட்டிருந்தது.

நம் சபை உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இப்பொறுப்பை ஏற்றார். தந்தையை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு அவர் பதினொரு முறை சென்றார். பயணச் செலவைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு என்பதை முதல் பயணத்திலேயே அவர் உணர்ந்தார். ஏலத்தோட்டத்துக்கோ இலவம் பஞ்சு பிரிக்கவோ செல்லாத நாளுக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத இரவில் அடுப்பும் இல்லை. ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் அந்தத் தந்தையின் ஒரு நாள் கூலியைப் பங்கின் ஏழையர் நிதியிலிருந்து கொடுத்தோம். பதினொரு நாள் கூலி என்பது பதினொரு தெனாரியம்!

சான்றிதழ் வந்தது. ஆனால் அவ்வாண்டின் சேர்க்கை முடிந்த பின்னரே வந்தது. அவள் ஓராண்டு ஏலக்காய் பறித்தாள். மறு ஆண்டு மேல்நிலை வகுப்பில் சேர்ந்தாள். இப்போது செவிலியர் பயிற்சி பெறுகிறாள். இதை மகிழ்ச்சியோடு எழுதும் நாம் மற்றொன்றையும் எழுதவேண்டும். அவள் தம்பி அந்த இடைப்பட்ட ஆண்டில் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டான். அக்காள் படித்தும் தோட்டத்துக்குத்தானே போகிறாள் என்று அவன் எண்ணினான். அவனை மீண்டும் பள்ளிக்கு அழைத்துவர எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. ஒரு தாள் தாமதமானதன் விலை ஒரு சிறுவனின் கல்வி.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 80 பேர். பழங்குடியினரில் நூற்றுக்கு 54 பேரே. தேனி மாவட்டத்தில் அன்று வாழ்ந்த 12 லட்சத்து 45 ஆயிரம் மக்களுள் பழங்குடியினர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. எண்ணிக்கை சிறிதாயின் குரலும் சிறிதே. தமிழகத்தில் தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்னும் ஆறு குலத்தார் மிகவும் நலிந்த பழங்குடியினர் என்று அரசால் தனியே பட்டியலிடப்பட்டு, சிறப்புத் திட்டங்களைப் பெறுகின்றனர். பளியர் அப்பட்டியலில் இல்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோர்க்கு நிலத்தின் மீதும் தேன், கடுக்காய் போன்ற சிறு வனப்பொருள்கள் மீதும் உரிமை அளிக்கிறது. ஆனால் உரிமையைக் கேட்டுப் பெறவும் விண்ணப்பம் எழுதவும் கல்வி வேண்டும். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபின், தம் உரிமைகளை அறிந்துகொள்ளவேண்டிய தேவை இம்மக்களுக்கு இன்னும் மிகுந்துள்ளது.

இங்கே சிலர் எழுப்பும் வினாக்களை நாம் அறிவோம். “பழங்குடிப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டம் இல்லையே, நாம் ஏன் செலவழிக்கவேண்டும்?” என்பது ஒன்று. பிறரை விஞ்சுவது தவறு என்று வீட்டில் கற்ற பிள்ளை, ‘விடை தெரிந்தவன் கையைத் தூக்கு’ என்னும் வகுப்பறையில் வாய் திறவாதிருக்கும். கடிந்துரைத்தால் எதிர்த்துப் பேசாது; எழுந்து வீட்டுக்குப் போய்விடும். அதை மந்தம் என்று எண்ணுவது நம் அறியாமை. மேற்சொன்ன ஆசிரியர் மாலை வகுப்பில் பிள்ளைகளை வட்டமாக அமர்த்தி, கணக்கை எல்லோரும் சேர்ந்து போடும்படி செய்தார். ஒருவரோடொருவர் மெல்லப் பேசிக்கொண்டே அவர்கள் விடை கண்டார்கள்.

“பங்கில் நம் ஏழைகள் இருக்க, மதம் மாறாதவர்களுக்கு ஏன்?” என்பது மற்றொன்று. சமாரியர் அடிபட்டவனிடம் அவன் எந்த மலையில் வழிபடுகிறான் என்று கேட்கவில்லை. சமய உரிமை பற்றி 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு, நம்பிக்கைக்கு எவரையும் வற்புறுத்தலாகாது என்று தெளிவாக உரைக்கிறது. பசியைப் பயன்படுத்திப் பெறும் பக்தி இறைவனுக்கு உகந்ததன்று. அம்மக்கள் தம் பளிச்சியம்மனை வழிபட்டபடியே நம் உதவியைத் தலைநிமிர்ந்து பெறட்டும்.

கடல் கடந்த ஒரு சான்றும் நம் நினைவுக்கு வருகிறது. நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில் மாயா இனப் பழங்குடியினர் பெருந்தொகையினர். அங்குள்ள சாந்தியாகோ அத்தித்லான் பங்குக்கு 1968-இல் ஸ்டான்லி ரோதர் என்னும் அமெரிக்கக் குரு சென்றார். உழவர் குடும்பத்தில் பிறந்தவர். இலத்தீன் மொழியில் தேறாமையால் ஒரு குருமடத்திலிருந்து திருப்பியனுப்பப்பட்டவர். அத்தகையவர் மாயா மக்களின் சூட்டுகில் மொழியைக் கற்று அதில் திருப்பலி நிறைவேற்றினார். அவர்களோடு நிலத்தில் இறங்கி உழுதார். உள்நாட்டுப் போர்க் கொடுமையில் அவர் பெயர் கொலைப் பட்டியலில் ஏறவே, 1981-இன் தொடக்கத்தில் தாயகம் திரும்பினார். ஆயினும் தம் மக்களை விட்டிருக்க இயலாமல் அவ்வாண்டின் புனித வாரத்துக்கு மீண்டும் அங்கே சென்றார். ஜூலை 28 அன்று பங்கு இல்லத்திலேயே கொல்லப்பட்டார். அவர் உடல் தாயகம் சென்றது. மக்கள் வேண்டியபடி அவர் இதயம் அக்கோயிலிலேயே வைக்கப்பட்டது. 2017-இல் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது. திரும்பி வருவதாக உவமையின் சமாரியர் கொடுத்த வாக்கை இவர் தம் உயிரால் நிறைவேற்றினார்.

நம்மிடம் இறைவன் உயிரைக் கேட்கவில்லை. நாம் செய்யக்கூடியவை எளியவையே. நம் பங்கின் அன்பியங்கள் ஒவ்வொன்றும் ஒரு பழங்குடி மாணவரை ஏற்றுக்கொள்ளட்டும். ஓர் ஆண்டுக்கு அன்று, அவர் படிப்பு முடியும்வரை. தவக்காலச் சேமிப்பில் ஒரு பகுதியைச் சான்றிதழுக்காக அலையும் பெற்றோரின் கூலி இழப்புக்கென ஒதுக்குவோம். விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஓய்வுபெற்றவர்கள் மாதம் ஒருநாள் உடன்செல்லட்டும். மலைத்தேனை வாங்கும் குடும்பங்கள் பேரம் பேசாது நியாய விலை கொடுக்கட்டும். எதைத் தரவேண்டும் என்று நாமே முடிவுசெய்யாமல், எது வேண்டும் என்று அவர்களைக் கேட்போம். பெறுபவரின் முகத்தைப் படம் பிடிக்காதிருப்போம். 1833-இல் பாரிஸ் நகரில் பிரெடரிக் ஓசானாம் தம் தோழரோடு வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது, ஏழையின் இல்லத்துக்கே சென்று சந்திப்பதைத்தான் அதன் முதற்பணியாக்கினார். உதவிப் பொருள் அந்தச் சந்திப்புக்குத் துணை மட்டுமே.

1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபின்தான் நம் பள்ளத்தாக்கு இருபோக நெல் விளையும் செழுநிலமாயிற்று. நாம் உண்ணும் சோறு மலையின் கொடை. ஜூன் மாதத்தில் முதற்போகத்துக்கு மதகு திறக்கும் நாள்களில்தான் பள்ளிகளும் திறக்கின்றன. நாற்று நட்டவுடன் மதகை அடைத்துவிட்டால் கதிர் காண்பதெங்ஙனம் என்பதை நம் உழவர்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுவடை வரை நீர் பாயவேண்டும். மலையிலிருந்து பெற்ற நாம், மலையின் பிள்ளைகளுக்கும் அவ்வாறே பாய்ச்சுவோமாக.