ஏலக்காய் ஸ்டோருக்கு எந்தச் சட்டை?

போடியில் வீடு, மலையில் தோட்டம். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வைத்துப் பிழைக்கும் நிறையக் குடும்பங்களின் கதை இதுதான். 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டைத் தாண்டினால் கேரளா, ஏலமலை. அங்கே கொஞ்சம் பெரிய தோட்டம் என்றால் ஒரு ஸ்டோர் இருக்கும். ஸ்டோர் என்றதும் மளிகைக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். பறித்த பச்சைக்காயை அடுப்பு மூட்டி உலர்த்துகிற கட்டடம் அது. சின்னத் தோட்டக்காரர்கள் காயை அடுத்தவர் ஸ்டோரில் கூலி கொடுத்து உலர்த்திக்கொள்வார்கள்.

இப்போது கான்கிரீட் கட்டடமும் மெஷினும் வந்துவிட்டன. ஆனாலும் பலகைச் சுவர் வைத்த பழைய ஸ்டோர்கள் இன்னும் நிற்கின்றன. பிரச்சினை அந்தப் பலகையில்தான். ஜூனில் தென்மேற்கு மழை பிடித்தால் அந்தத் திசைச் சுவர் மாதக்கணக்கில் காயாது. கீழ்ப்பலகை உளுத்துப்போகும், மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். மாற்றலாம் என்றால் மரத்துக்கு எங்கே போவது? தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது, அனுமதி வேண்டும்.

சரி, வருடா வருடம் ஆசாரியைத் தேடாமல் இருக்க வெளிச்சுவருக்கு எதைப் போடலாம்?

அதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். 500 கிலோ பச்சைக்காய் போட்டால் உலர்ந்து வருவது சுமார் 100 கிலோ. மீதி 400 கிலோ? தண்ணீர்! அது அத்தனையும் ஆவியாகி ஏறக்குறைய ஒரு நாளில் அந்த அறையை விட்டு வெளியேற வேண்டும். சூடு 45, 50 டிகிரியில் தொடங்கி, முடியும்போது 60 வரை போகும். வெளியே மலைக்குளிர். இந்த இடத்தில் வெறும் தகரத்தைச் சுவராக வைத்தால் என்ன ஆகும்? சோற்றுப்பானை மூடியின் உள்பக்கம் நீர் கோர்ப்பது போலத் தகரத்திலும் கோர்த்து, சுவரோரத் தட்டில் இருக்கும் காய்மேல் வழியும். காயின் பச்சை நிறம் போனால் ஏலத்தில் விலையும் போச்சு. விறகுச் செலவும் கூடும், ஏனென்றால் தகரம் சூட்டைத் தாங்கி வைக்காது. பலகை தாங்கும். பழைய ஆட்கள் பலகை போட்டது மரம் சும்மா கிடைத்ததால் மட்டும் அல்ல போலிருக்கிறது.

ஆகவே பலகையைப் பிடுங்கி எறிவது புத்திசாலித்தனம் இல்லை. உளுத்ததை மட்டும் மாற்றிவிட்டு, அதன்மேல் வெளியே ஒரு சட்டை மாட்டுவதுதான் சரி.

அமெரிக்காவில் பழைய மரக்கொட்டகைகளுக்குப் பிளாஸ்டிக் பலகை மாட்டுகிறார்கள். பெயிண்ட் வேண்டாம், கழுவினால் போதும். ஆனால் அந்த வினைல் சரக்கு 70 டிகிரி வாக்கில் நெளிய ஆரம்பித்துவிடும். புகைக்குழாய் வெளியே வருகிற சுவரில் மாட்டினால் அப்பளம்தான். கல்நார் ஷீட் இந்தியாவில் இன்னும் விற்கிறது, விலையும் குறைவு. ஆனால் அறுக்கும்போதும் துளை போடும்போதும் பறக்கும் தூசு புற்றுநோயைக் கொண்டுவரும் என்பது உறுதியான விஷயம். 50-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. தின்னும் பொருளை உலர்த்தும் இடத்துக்கு அது எதற்கு? கழிவு ஆயில் அடிக்கிற பழக்கமும் உண்டு. கரையானுக்குச் சரி, காய்க்கு? ஏலக்காய் பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். டீயில் டீசல் வாசம் அடித்தால் யார் வாங்குவார்கள்!

மிஞ்சுவது தகர ஷீட். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஒன்று. அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசி, மேலே கலர் அடித்து வருவது இன்னொன்று. இரண்டாவது அதிக நாள் உழைக்கும், விலையும் அதிகம். ஆனால் இரண்டுக்கும் தோட்டத்திலேயே எதிரி இருக்கிறது. அழுகல் நோய்க்கு அடிக்கிற போர்டோ கலவையில் துருசும் சுண்ணாம்பும் உண்டு. துருசு துத்தநாகத்தைத் தின்னும், சுண்ணாம்பு அலுமினியத்தைத் தின்னும். நிறம் காக்க பச்சைக்காயைச் சலவைச் சோடா கரைசலில் 10 நிமிடம் முக்குவார்களே, அந்தத் தண்ணீரும் அலுமினியத்துக்கு ஆகாது. அதனால் தரையிலிருந்து 3 அடிக்குக் கல்லோ செங்கலோ கட்டிவிட்டு, அதற்கு மேல் ஷீட்டை ஆரம்பிப்பது நல்லது. மருந்து கலக்கும் இடத்தையும் ஸ்டோரிலிருந்து தள்ளி வைத்துவிட வேண்டும்.

மாட்டும் விதம் இன்னும் முக்கியம். ஷீட்டைப் பலகையோடு ஒட்டி அடித்தால் ஈரம் நடுவில் சிக்கி, வெளியே பளபள, உள்ளே பொடிப்பொடி. ஓர் அங்குல ரீப்பரை நெட்டுக்குத்தாக அடித்து, அதன்மேல் ஷீட்டைப் படுக்கைவசமாகப் போட்டால் காற்று கீழே நுழைந்து மேலே போய்விடும். அடியில் கம்பிவலை கட்டாயம், இல்லாவிட்டால் எலிக்கு ஓசி வீடு. வெளிச்சம் வரட்டும் என்று நடுவில் கண்ணாடி ஷீட் வைக்கும் ஆசையும் வேண்டாம். வெயில் பட்டால் காய் வெளுத்துவிடும்.

செலவு? 30-க்கு 20 அடி ஸ்டோர் என்று வையுங்கள். சுற்றளவு 100 அடி. 15 அடி உயரத்தில் கீழே 3 அடி கல் போக, 12 அடி. ஆக 1200 சதுர அடி ஷீட். ஏலக்காய் விலை நன்றாக இருக்கும் வருடத்தில் இது பெரிய தொகை இல்லை. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7000 ரூபாய் வரை போனது. 2022-ல் 1000-க்கும் கீழே கிடந்தது. கையில் காசு இருக்கும் வருடத்தில் யாருக்கும் சுவர் ஞாபகம் வராது, ஒழுகும் வருடத்தில் காசு இருக்காது.

காசு குறைவு என்றால் நாலு சுவரையும் ஒன்றாகச் செய்ய வேண்டியதில்லை. பிப்ரவரியில் எடுப்பு ஓய்ந்ததிலிருந்து மே வரை நேரம் இருக்கிறது. அதற்குள் மழை அடிக்கிற தென்மேற்குச் சுவரை மட்டும் முடித்தால் போதும். மற்ற மூன்றும் இன்னும் சில வருடம் பழைய பலகையோடே தாக்குப்பிடிக்கும்.