தெலுக் பெலாங்கா கழுத்து: ஜொகூர் ஆண்களின் மரபுடை

மலேசியாவின் தென்கோடி மாநிலமான ஜொகூரில் ஆண்களின் மரபுடையை அடையாளம் காணக் கழுத்தைப் பார்த்தால் போதும். பாஜு மெலாயு என்னும் நீளக்கைச் சட்டை மலேசியா முழுவதும் உண்டு. அதில் பெரிய வகைகள் இரண்டு. நின்ற கழுத்துப்பட்டியும் ஐந்து பொத்தான்களும் கொண்டது செக்காக் மூசாங். பட்டி இல்லாத வட்டக் கழுத்தும், நெஞ்சுக்கு நேரே சிறு பிளவும், அதன் மேல்முனையில் ஒரே ஒரு பொத்தானும் கொண்டது தெலுக் பெலாங்கா. ஜொகூர் தன்னுடையது என்று உரிமை கொண்டாடுவது இந்த இரண்டாவது வகையைத்தான்.

தெலுக் பெலாங்கா என்பது சிங்கப்பூரின் தென்கரையில் உள்ள ஓர் ஊர். 1820-களில், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியிருப்பை நிறுவிய ராஃபிள்ஸ், ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் என்னும் தலைவரின் குடும்பத்தைச் சிங்கப்பூர் ஆற்றங்கரையிலிருந்து அங்கே குடியேறச் செய்தார். அடுத்த நாற்பது ஆண்டுகள் ஜொகூரின் ஆட்சி நடந்தது ஜொகூரில் அல்ல, அந்தக் கரையில்தான். தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் 1855-இல் ஜொகூர் நீரிணைக்கு வடக்கே தஞ்சோங் புத்ரி என்ற குடியிருப்பைத் தொடங்கினார். அவருடைய மகன் அபூபக்கர் 1866-இல் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயர் சூட்டித் தலைநகராக்கினார். விட்டுவந்த இடத்தின் நினைவாக அதே ஆண்டில் அவர் வகுத்த உடையே தெலுக் பெலாங்கா என்பது ஜொகூரில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. முதலில் ஆண், பெண் இருபாலரின் மேலாடைக்கும் இதே கழுத்துதான். பெண்கள் அணியும் பாஜு கூரோங் தெலுக் பெலாங்காவில் அது இன்றும் அப்படியே இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அபூபக்கர் தெலுக் பெலாங்காவில் கிறித்துவப் போதகர் கீஸ்பெரி நடத்திய பள்ளியில் ஆங்கிலம் படித்தவர். 1866-இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா அரசியைச் சந்தித்தவர். 1868-இல் மகாராஜா, 1885-இல் சுல்தான் என்று படிப்படியாக உயர்ந்தவர். பரவலாகக் காணக்கிடைக்கும் படங்களில் அவர் பதக்கங்களும் மணிகளும் மின்னும் ஐரோப்பிய பாணிச் சீருடையில்தான் நிற்கிறார். பட்டியில்லாத எளிய சட்டையோடு பெயர் இணைந்திருக்கும் மனிதர் இவரேதான். இதை முரண் என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டிஷாரோடு சமமாக உட்கார்ந்து பேச ஓர் உடை வேண்டியிருந்தது. புதிய தலைநகரின் மக்களுக்குத் தனி முகம் கொடுக்க இன்னோர் உடை வேண்டியிருந்தது என்று கொள்ளலாம். 'மரபு' என்றதும் பழங்காலத்தை நினைக்கும் பழக்கத்துக்கு இந்தச் சட்டை பொருந்தாது. இது ரயிலும் தந்தியும் உலகில் பரவிவிட்ட காலத்தில் முடிவுசெய்யப்பட்ட உடை.

சட்டையின் வெட்டு சுற்றிவளைக்காத வெட்டு. உடல், கை, பக்கத்துண்டு எல்லாமே நேர்கோட்டுத் துண்டுகள். பக்கவாட்டில் பெசாக் என்னும் நீண்ட துண்டு கீழே போகப்போக அகன்று சட்டைக்கு விரிவைத் தருகிறது. அக்குளில் கெக்கெக் என்னும் சிறு சதுரத் துண்டு வைத்துத் தைப்பதால் கையைத் தூக்கினாலும் துணி இழுபடாது. துணி அதிகம் வீணாகாத வெட்டு இது. வெப்பமும் ஈரமும் கலந்த காற்றில் உடம்போடு ஒட்டாமல் நிற்பதும் இதனால்தான். இப்போது கடைகளில் விற்கும் உடம்பைப் பிடித்தாற்போன்ற ஆயத்தச் சட்டைகள் சிலவற்றில் கெக்கெக் காணாமல் போயிருக்கிறது. தோற்றம் எடுப்பாக இருக்கலாம். தொழுகையில் குனிந்து நிமிரும்போது தோள்பட்டை இழுப்பது அணிந்தவருக்குத்தான் தெரியும்.

தையற்காரரின் தேர்ச்சி தெரிவது கழுத்தோரத்தில். கழுத்தைச் சுற்றி உள்ளே மடித்த துணியைக் கையால் இழைத்துப் பின்னும் தையலுக்குத் துலாங் பெலுட், அதாவது விலாங்கின் எலும்பு, என்று பெயர். நடுவே ஒரு முதுகெலும்பு, இருபுறமும் நெருக்கமாக முட்கள் என்று அதன் வடிவம் அமைந்திருக்கிறது. ஈயின் கண் எனப் பொருள்படும் மாத்தா லாலாட் என்ற புள்ளித்தையலும் உண்டு. கழுத்தோரத் தையல் அழகுக்காக மட்டும் போடப்படுவதல்ல. பட்டி இல்லாத கழுத்து துவைக்கத் துவைக்க நெகிழ்ந்து தொங்கிவிடும். அதை இறுக்கிப் பிடிப்பது இந்தத் தையல். துணியின் நிறத்திலேயே நூல் எடுப்பது வழக்கமாதலால் இரண்டடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அது தெரிவதுகூட இல்லை. பொறியில் போட்ட பூவேலை கண்ணைப் பறிக்கும். ஆனால் கைத்தையலின் இறுக்கம் அதில் கிடைப்பதில்லை.

பொத்தான் சட்டையோடு தைக்கப்படுவதில்லை. தனியே கழற்றி மாட்டும் குமிழ் அது. பொன்னிலோ வெள்ளியிலோ கல் பதித்தோ செய்வார்கள். செக்காக் மூசாங்கின் ஐந்து குமிழ்கள் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளையும், தெலுக் பெலாங்காவின் ஒற்றைக் குமிழ் இறைவன் ஒருவன் என்பதையும் குறிப்பதாக மக்கள் விளக்கம் சொல்வார்கள்.

சட்டைக்குக் கீழே தளர்ந்த காற்சட்டை. அதன்மேல் இடுப்பில் சுற்றி முழங்காலைத் தொடும் அளவுக்கு இறங்கும் துணி சம்பிங். திருமணத்துக்கும் பெருநாளுக்கும் இது சரிகை ஊடுநெய்த சொங்கேட்டாக இருக்கும். சொங்கேட் நெசவுக்குப் பேர்போனவை கிழக்குக் கரையின் திரங்கானுவும் கிளந்தானும். 2021-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. செக்காக் மூசாங் அணிபவர் சம்பிங்கைச் சட்டைக்கு மேலே கட்டுகிறார். சரிகை முழுவதும் வெளியே தெரியும். தெலுக் பெலாங்கா அணிபவர் சட்டைக்கு உள்ளே கட்டுகிறார். சட்டையின் விளிம்புக்குக் கீழே ஒரு சாண் அளவே தெரியும். முன்னதற்கு டகாங் லூவார், பின்னதற்கு டகாங் டாலாம் என்று பெயர். விலை உயர்ந்த துணியை வாங்கி அதில் பாதிக்குமேல் மறைத்துக் கட்டும் இந்த அடக்கம்தான் ஜொகூர் பாணியின் சாரம் என்று துணிந்து சொல்லலாம். அவசரத்தில் இரண்டையும் கலந்து, தெலுக் பெலாங்கா சட்டையின் மேல் சம்பிங்கைக் கட்டிக்கொள்ளும் மணமகன்களைப் பார்த்து முதியவர்கள் முகம் சுளிப்பதும் உண்டு.

வீட்டிலும் மசூதியிலும் மாலை வேளைகளிலும் ஆண்கள் உடுத்துவது கட்டம் போட்ட பருத்திக் கைலி. மலாயில் அது காயின் பெலேக்காட். அந்தப் பெயர் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலிருந்து வந்தது. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த துணியைக் கீழைத் தீவுகளுக்குக் கொண்டுபோய் விற்று, அந்தப் பணத்தில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்குவது அவர்களுடைய வணிகத்தின் அடித்தளம். டச்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே தமிழ் வணிகர்கள் நடத்திவந்த வழிதான் அது. ஜொகூரின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் கையோடு கொண்டுவந்ததும் கைலிதான். ஆகவே மலாய்க்காரர் வீட்டுக் கொடியிலும் தோட்டத்து லயத்துக் கொடியிலும் ஒரே வகைத் துணி காய்ந்தது. யாருடைய மரபு என்று கேட்டால் இரு வீட்டாரும் தங்களுடையது என்றே சொல்வார்கள். இருவர் சொல்வதும் பொய்யில்லை.

தலைக்குச் சொங்கோக். கறுப்பு வெல்வெட் போர்த்திய, நீள்வட்ட வடிவான, விளிம்பில்லாத தொப்பி இது. நிமிர்ந்து நிற்பதற்காக உள்ளே அட்டையோ மடித்த செய்தித்தாளோ வைத்துத் தைப்பார்கள். பினாங்கில் இந்தத் தொழிலில் இந்திய முஸ்லிம் கைவினைஞர்கள் பெயர் பெற்றிருந்தார்கள். மன்னர் மறைந்தால் துக்கம் காக்கும் நாட்களில் சொங்கோக்கைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டுவது மலாய் அரசுகளின் வழக்கம். அரசவைச் சடங்குகளில் மடித்துக் கட்டிய தெங்கோலோக் தலைப்பாகை வரும். ஜொகூர் சுல்தான்களோ முடிசூட்டு விழாவில் தலைப்பாகைக்குப் பதில் பொன்முடியே அணிகிறார்கள்; 2015 மார்ச் 23-இல் சுல்தான் இப்ராஹிமும் அப்படியே முடிசூடினார். 2024-இல் மலேசியாவின் மாமன்னராகப் பதவியேற்றபோது அவர் அணிந்தது தெங்கோலோக்.

காலணியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மரபு அதில் கண்டிப்புக் காட்டவில்லை. மரபுடைக்கு ஏற்றதாகக் கருதப்படுவது சப்பல் என்னும் தோல் செருப்பு. தடித்த அடித்தோல், புறங்காலின் மேல் அகன்ற பட்டை, விரலைப் பிடிக்க ஒரு வார் என்ற அளவில் அதன் அமைப்பு முடிந்துவிடுகிறது. பின்பட்டை இல்லாததால் மசூதி வாசலில் குனியாமலே கழற்றிவிடலாம். இந்த உடைக்கு அது பொருந்தியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. புதுத்தோல் சில நாள் காலைக் கடிக்கும். அதன் உண்மையான பகை ஜொகூரின் மழை. ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் வாரங்களில் நனைந்த தோல் விறைத்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். அரசு விழாக்களில் கறுப்புத் தோல் ஷூ அணிவது நெடுநாளாக ஏற்கப்பட்ட வழக்கம். அண்மைக் காலத்தில் இளைஞர்கள் கைத்தோல் வேலையின்மேல் கொண்ட ஆர்வத்தால் சப்பல் மீண்டும் பெருநாள் சந்தைகளில் நல்ல விலைக்குப் போகிறது.

பாஜு மெலாயு அதிகம் விற்பது நோன்பு மாதத்தில். குடும்பம் முழுவதும் ஒரே நிறத்தில் உடுத்தும் வழக்கம் வலுப்பெற்ற பிறகு, தையற்காரர்கள் நோன்பு தொடங்கும் முன்பே புதிய வேலையை மறுத்துவிடுகிறார்கள். வாராந்தர உடுப்பாக அது வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு உரியது. 2014-இல் ஜொகூர் தன் வார விடுமுறையை வெள்ளி, சனி என்று மாற்றியதால் பதினோரு ஆண்டுகள் அரசு ஊழியர்கள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே தொழுகைக்குப் புறப்பட்டார்கள். 2025 ஜனவரி 1 முதல் விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆகி, வெள்ளி வேலை நாளானது. அலுவலக மேசைகளுக்குப் பின்னால் பாஜு மெலாயு உட்காரும் நாளாகவும் அது மறுபடி ஆகியிருக்கிறது.